எட்டிலிருந்து எவ்வளவு தூரம்

ஜூன் 3

அக்கா,

நீ மேனேஜருக்குப் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

இதைப் படித்ததும் போனைத் தேடுவாய். தேடாதே, எடுக்க மாட்டேன். போனில் என்றால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், கடைசியில் பாப்பாவுக்குப் பல் விழுந்த கதை பேசிவிட்டு வைத்துவிடுவோம். சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல். அப்போதுதான் "நான் அப்படிச் சொல்லலயே" என்று நீயும் நழுவ முடியாது, நானும் நழுவ முடியாது.

நேற்றுக் காலை வேலை நேர அட்டை குத்தும் மெஷினுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சலவைப் பிரிவு, ஒரு நாளைக்குச் சராசரி எட்டு மணி நேரம். இஸ்திரிப் பிரிவு, ஒரு நாளைக்குச் சராசரி எட்டு மணி நேரம். ஆகவே வேலை நேரத்தில் பாகுபாடு என்று சலவைப் பிரிவுப் பெண்கள் கொடுத்த புகாருக்கு ஆதாரமில்லை. கீழே தலைமை அலுவலகம், அட்டவணைப் பிரிவு என்று முத்திரை. அதற்கு மேல் உன் கையெழுத்து. அந்தக் கடைசி எழுத்தின் வாலை எனக்குத் தெரியாதா? நம் அறை ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்த நாளெல்லாம் விரலால் எழுதிப் பழகினாயே.

சூப்பர்வைசர், நாம் 'தலையாட்டி' என்று பட்டப்பெயர் வைத்தோமே அதே ஆள், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். "என்னம்மா, உங்கக்காவே சொல்லிட்டாங்க. இனிமே யாரைக் கேக்கணும்?" சொல்லிவிட்டு வழக்கம்போல நாலு முறை தலையாட்டினார்.

போன வாரம் நான் வேலை செய்த மணி நேரங்களைச் சொல்கிறேன், கேள். திங்கள் பன்னிரண்டு. செவ்வாய் மூன்று. புதன் பதிமூன்று. வியாழன் நான்கு. வெள்ளி பதினொன்று. சனி ஐந்து. எந்த நாள் எவ்வளவு என்று காலை ஆறு மணிக்குக் கேட்டில் நின்றால்தான் தெரியும். ஆஸ்பத்திரி அழுக்குத் துணி லாரி இரண்டு வந்தால் முதுகு ஒடியும். லாரி வராவிட்டால் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போ என்பார்கள். இஸ்திரிப் பிரிவில் அதே வாரம் எட்டு, ஏழு, எட்டு, ஒன்பது, எட்டு, எட்டு. அவர்கள் குறித்த நேரத்தில் கை கழுவிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே நான் ஈர விரிப்பை இழுக்கிறேன்.

பாப்பாவின் காப்பகம் மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. திங்களன்றும் புதனன்றும் அவள் வெளியே வாசற்படியில் ஆயாவோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு எச்சரிக்கை ஆகிவிட்டது. மூன்றாவது முறை தாமதமானால் அவள் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த இடம் போனால் எனக்கு வேலையும் போகும். பிள்ளையை சோப்புத் தொட்டியிலா போட்டு வைப்பேன்?

இதற்குப் பெயர் எட்டு மணி நேரமா?

உன் தங்கை


ஜூன் 9

குண்டூசிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு நாளாகிவிட்டது. ஆளும் மாறவில்லை, குத்துவதும் மாறவில்லை.

நான் பொய் எழுதவில்லை. நீ எழுதிய ஆறு எண்களையும் கூட்டு. நாற்பத்தெட்டு வரும். ஆறால் வகு. எட்டு. இஸ்திரிக்காரர்களுடையதும் நாற்பத்தெட்டு, அதே எட்டு. என் மேசைக்கு வந்த கேள்வி ஒரே வரி: "இரண்டு பிரிவுக்கும் சராசரி என்ன?" கேட்டதற்குப் பதில் எழுதினேன். இங்கே கேட்காததற்குப் பதில் எழுதுகிறவர்களுக்கு மேசை இருப்பதில்லை. இன்னும் மூன்று மாதத்தில் என் வேலை நிரந்தரமாகும் என்கிறார்கள். அதுவரை நான் மூச்சு விடுவதைக்கூட அளந்துதான் விடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று டயர் கடை மாடியிலிருந்த நம் அறை ஞாபகமாகவே இருந்தேன். ரப்பர் உருகும் வாசனை தரை வழியாக மேலே வரும். ஒரு இரும்புக் கட்டில், ஒரு குடை. மூடாத அந்த ஜன்னலில் ஆஸ்பத்திரி முத்திரை போட்ட கிழிந்த தலையணை உறையைத் திணித்து வைத்தோமே. சலவையில் நாம் இரண்டு பேரும் ஒரே மேசை. விரிப்பின் இரண்டு முனை உன்னிடம், இரண்டு முனை என்னிடம். மடித்துக்கொண்டே நடந்து வந்து நடுவில் முட்டிக்கொள்வோம். உன் நெற்றி எப்போதும் சோப்பு வாசனை அடிக்கும். விரிப்பை முகர்ந்து பார்த்தே எந்த ஹோட்டல் என்று சொல்வாய். ஒருமுறை, "இது பணக்காரங்க ஹோட்டல்க்கா, அழுகையே இல்ல" என்றாய். எவ்வளவு சிரித்தோம்.

அப்போதும் ஷிஃப்ட் இப்படித்தானே இருந்தது? நாம் சமாளிக்கவில்லையா? யோசித்தால் நல்ல நாட்களாகத்தான் தெரிகின்றன.

சரி. ஒன்று சொல்கிறேன், நான் சொன்னதாக வாய் திறக்காதே. சராசரியை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் தோற்பாய். ஒவ்வொரு நாளும் எட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார். இரண்டு பிரிவுக்கும் அப்படிப் பார்த்து, அந்த விலகல்களுக்குச் சராசரி எடு. வித்தியாசம் அதில்தான் இருக்கும்.

பாப்பாவுக்கு முத்தம்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

உன் யோசனையைக் கேட்டேன். ஊர் சிரித்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். சோப்பு அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் மேல் எழுதினோம். கேட்டில் தொங்கும் நேரப் பலகை இன்னும் இருக்கிறது, மறந்திருக்க மாட்டாய். கூடுதல் மணி சிவப்பில் கூட்டல், குறைந்த மணி நீலத்தில் கழித்தல், சனிக்கிழமை தலையாட்டி இரண்டையும் நேர் செய்து ஈரத் துணியால் துடைத்துவிடுவார். எங்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதானே? அதே மாதிரிப் போட்டோம். பன்னிரண்டு என்றால் எட்டுக்கு மேல் நாலு, கூட்டல். மூன்று என்றால் ஐந்து குறைவு, கழித்தல். பிறகு கூட்டல் ஐந்து, கழித்தல் நாலு, கூட்டல் மூன்று, கழித்தல் மூன்று. அழகாக எழுதியாகிவிட்டது, மொத்தம் போட நேரமில்லை, மணி அடித்துவிட்டது. அப்படியே மேனேஜரிடம் கொண்டுபோனேன். எண்களைப் பார்த்தாலே ஆள் மிரளுவார் என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள்.

அவர் பேனாவை எடுத்துக் கூட்டினார். பூஜ்யம் வந்தது.

"நீங்களே போட்டுட்டு வந்துட்டீங்களேம்மா. உங்க விலகல் சராசரி பூஜ்யம். இஸ்திரிக்கும் பூஜ்யம்தான் வரும். ரெண்டும் ஒண்ணு. இதைத்தானே உங்கக்காவும் சொன்னாங்க?"

அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே நின்ற இஸ்திரிக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், "பூஜ்யம் டீச்சர் வர்றாங்க, வழி விடுங்கப்பா" என்றார். இரண்டு நாளாக அதுதான் என் பெயர்.

தெரிந்தே செய்தாயா? பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது உன் பழைய வழக்கம். படிக்கிற காலத்தில் இப்படித்தான் எனக்குப் பாடம் சொல்வாய். ஒரு வரி சொல்லிவிட்டு, "மீதி உனக்குப் புரியாது" என்பாய்.

அந்த அறையைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறாய். படிக்க எனக்கும் ஏக்கமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ரப்பர் வாசனை இப்போது எங்காவது அடித்தாலும் நின்று விடுகிறேன். ஆனால் உனக்கு நினைவிருப்பது அந்த வருஷங்களின் சராசரி, அக்கா. நீ தேர்வு எழுதிய மாதம் உன் ஷிஃப்டையும் சேர்த்து நான் செய்தேன். பதினாலு மணி நேரம் நின்ற ஒரு நாள் படிக்கட்டு ஏற முடியாமல் டயர் கடைக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மேலேருந்து உங்கக்காவைக் கூப்பிடட்டுமா?" என்றார். "வேணாங்க, அவ படிக்கிறா" என்றேன். மறுநாள் வேலையே இல்லை. நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து கூலி போச்சே என்று விரல் மடித்துக்கொண்டிருந்தேன். உன் நினைவில் அந்த இரண்டு நாளும் சேர்ந்து ஒரு நல்ல நாளாகியிருக்கும்.

பூஜ்யம் எப்படி வந்தது என்று சொல். முழுசாகச் சொல்.

தங்கை


ஜூன் 22

குண்டூசி,

தெரிந்து செய்யவில்லை. பலகையை மறந்துவிட்டேன். நீ அந்தப் பலகைக் கணக்கில்தான் யோசிப்பாய் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நானே நாலு வருஷம் அதன் கீழ் நின்றவள்.

பூஜ்யம் உன் பிழையால் மட்டும் வரவில்லை. சராசரி என்பதே, மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சரிசமமாகச் சமன்படும் இடம். ஆகவே கூட்டல் கழித்தலோடு கூட்டினால் எந்த வேலைக்கும், எந்த வாரத்துக்கும், எந்த ஊருக்கும் பூஜ்யம்தான் வரும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி, மறுநாள் வெயிலில் காயப்போட்டாலும் சராசரியாக ஈரம் சரி என்பார்கள். மேனேஜருக்கு இது தெரியும். தெரிந்துதான் சிரித்திருக்கிறார்.

கூட்டல் கழித்தல் குறியை எடுத்துவிடு. நாலு மணி கூடுதலா, நாலு மணி குறைவா என்று பார்க்காதே. நாலு மணி தூரம், அவ்வளவுதான். நீ அந்த ஸ்டூலில் உட்கார்ந்த நாளை, மறுநாள் கட்டிலில் உட்கார்ந்த நாள் ஈடு செய்ததா? இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டும் உன்னை அடித்த அடி. ஒரு அடியை இன்னொரு அடியால் கழிக்க முடியாது, கூட்டத்தான் முடியும்.

உன் வாரம்: நாலு, ஐந்து, ஐந்து, நாலு, மூன்று, மூன்று. மொத்தம் இருபத்து நாலு. ஆறு நாளுக்கு வகுத்தால் நாலு. அதாவது உன் ஒரு நாள், எட்டு மணியிலிருந்து சராசரியாக நாலு மணி நேரம் தள்ளி விழுகிறது.

இஸ்திரி: பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். மொத்தம் இரண்டு. ஆறால் வகுத்தால் ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு. இருபது நிமிடம்.

எட்டும் எட்டும் ஒன்றுதான். நாலு மணி நேரமும் இருபது நிமிடமும் ஒன்றில்லை. அவர்களுக்கு "எட்டு" என்றால் எட்டு என்று நம்பி, போகும் வழியில் காய் வாங்கலாம். உனக்கு "எட்டு" என்றால் ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம். சராசரி மட்டும் சொல்லி விலகலைச் சொல்லாமல் விட்டால், ஆள் எங்கே நிற்கிறான் என்று சொல்லிவிட்டு நிற்கும் தரை ஆடுகிறது என்பதை மறைத்த மாதிரி. நான் அதைத்தான் செய்தேன் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

ஒரு வாரத்தை மட்டும் காட்டாதே. "அந்த வாரம் லாரி லேட்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆறு வாரமாவது எடு. உன்னுடையது மட்டும் வேண்டாம், எல்லோருடைய வேலை நேர அட்டையும் வாங்கு. இஸ்திரிக்காரர்களுடையதும் வேண்டும். ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் பெரிதா சிறிதா என்று யாருக்கும் தெரியாது, பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் கண் திறக்கும்.

"மீதி உனக்குப் புரியாது" என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நினைவில்லை. நினைவில் இருப்பது இதுதான்: நான் சூத்திரத்தை உரக்கச் சொல்வேன், நீ விரிப்பின் அந்த முனையிலிருந்து அதையே பாட்டாக இழுப்பாய். தேர்வு அறையில் உன் ராகத்தில்தான் பதில் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு முணுமுணுத்திருக்கிறேன்.

என் பெயரை எங்கும் இழுக்காதே.

அக்கா


ஜூலை 5

அக்கா,

முடித்துவிட்டோம்.

எங்கள் அட்டைகள் சுலபமாகக் கிடைத்துவிட்டன. இஸ்திரிக்காரர்களிடம் போகத்தான் கூச்சமாக இருந்தது. எனக்குப் பூஜ்யம் டீச்சர் என்று பெயர் வைத்தவரிடமே போனேன். கட்டைவிரல் வெந்து நகம் கறுத்த அண்ணன், நீ போன பிறகு சேர்ந்தவர்.

"எங்களையும் மாட்டி விடுறதுக்கா?" என்றார்.

"இல்லண்ணே. லாரி வந்தாலும் வராட்டியும் உங்க மேசைக்குக் காஞ்ச துணி அளவா வருதில்ல? அது எப்படி வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா?"

"வருது. அதுக்கென்ன."

"நாங்க ஒரு நாள் பதிமூணு, ஒரு நாள் மூணுன்னு ஆடுறதாலதான் உங்களுக்கு எட்டு ஆடாம நிக்குது. குலுக்கல் பூரா எங்க பக்கம் வாங்கிக்கிறோம்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எம் பொண்டாட்டி ஒரு கடையில பாத்திரம் கழுவுறா. அவளுக்கும் இதே கூத்துதான்" என்றார். மறுநாள் பதினோரு பேருடைய அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க வேலையைக் கெடுக்காத வரைக்கும் சரி, டீச்சர்." பூஜ்யத்தை விட்டுவிட்டார்.

ஆறு வாரக் கணக்கு. சராசரி இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட எட்டுதான், நீ எழுதியது பொய்யில்லை, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விலகல் எங்களுக்கு மூன்றே முக்கால் மணி நேரம். அவர்களுக்கு இருபத்தைந்து நிமிடம். குறியில்லாமல் ஒவ்வொன்றாகக் கூட்டும்போது எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? கழித்தல் கோட்டை அழிக்க அழிக்க, வேலையில்லாமல் திருப்பி அனுப்பிய நாளெல்லாம் முதல் முறையாகக் கணக்கில் ஏறின. அதுவரை அவை கூடுதல் நாளின் கடனை அடைக்கிற நாட்கள் என்று நானே நம்பியிருந்தேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தோம். அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். மேனேஜர் பக்கத்தில்தான் இருந்தார்.

"இவங்க பொறுக்கின அட்டைங்க மேடம். வேண்டியதை வச்சுட்டு வேண்டாததை விட்டிருப்பாங்க. ஆபீஸ் கணக்கு ஒண்ணுதான் செல்லும்."

அதிகாரியம்மா, "சரி, ஆபீஸ் கணக்கைப் போட்டவங்க யாரு? அவங்க வரட்டும். அவங்ககிட்ட இருக்கிற அதே எண்களுக்கு இந்த விலகலையும் போட்டுச் சொல்லட்டும். ஒத்துப்போனா அட்டவணையை மாத்தச் சொல்லி நான் எழுதுறேன். யாரும் வரலன்னா சராசரியோட முடிச்சுடுவேன்" என்றார்.

ஜூலை பதினாலு, காலை பத்து மணி.

மூன்றாவது தாமதமும் ஆகிவிட்டது. காப்பகத்து டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "எனக்கும் மேலே ஆள் இருக்காங்க. பதினஞ்சாம் தேதி வரைக்கும் பேரை அடிக்காம வைக்கிறேன். அதுக்குள்ள உங்க வேலை நேரம் நிலையாச்சுன்னு ஒரு காகிதம் கொண்டு வாங்க." பாப்பாவின் பெயர் அட்டை இன்னும் காப்பகத்துச் சுவரில் இருக்கிறது. அவள் தன் படமாக வாத்து ஒட்டியிருக்கிறாள்.

நீ வர வேண்டும். என் பக்கம் பேச வேண்டாம். எண்களைச் சொன்னால் போதும்.

தங்கை


ஜூலை 10

என் குண்டூசிக்கு,

பார்சலில் பாப்பாவுக்கு இரண்டு கவுன், உனக்கு ஒரு சால்வை. மஞ்சள் கவுன் சற்றுப் பெரிது, வளர்கிற பிள்ளைதானே.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். கணக்கு சுத்தமாக இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்கூட இவ்வளவு பொறுமையாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே என் அறைக்கு ஜன்னல் நன்றாக மூடுகிறது. கீழே டயர் கடை இல்லை, ஒரு மருந்துக் கடை, வாசனையே கிடையாது. சனிக்கிழமை என் படுக்கை விரிப்பைத் துவைத்து மொட்டை மாடியில் மடித்தேன். தனியாக ஒரு பெரிய விரிப்பை மடிக்க முடியாது, தெரியுமா? ஒரு முனையைக் கொடியில் கவ்வ வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். எதிரே முட்ட நெற்றியில்லை.

ஒரு மழை நாளில் குடையை யார் கொண்டுபோவது என்று சண்டை வந்து, கடைசியில் இரண்டு பேருமே அதை எடுக்காமல் நனைந்துகொண்டு போனோமே. தலையாட்டி நம்மைப் பார்த்து, "சலவைக்கு வந்தீங்களா, சலவை ஆக வந்தீங்களா?" என்று கேட்டார். அந்த ஆள் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல ஜோக் அது. இன்று பஸ்ஸில் நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

பிரிவுத் தலைவர் இந்த மாதம் எல்லோருடைய விடுப்பையும் கவனித்துக்கொண்டிருக்கிறார். நிரந்தரப் பட்டியல் தயாராகிறது. நீ புரிந்துகொள்வாய்.

பாப்பாவின் பல் முளைத்துவிட்டதா?

அக்கா


ஜூலை 12

அக்கா,

கவுன் பொருந்துகிறது. சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். படித்து அழுதேன். அந்த மழை நாள் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது, உன் செருப்பு வார் அறுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தாய். திரும்ப அந்த அறைக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், காலில் விழுந்தாவது போவேன். அந்த ஆசையை வைத்துக்கொண்டு என்னைத் தூங்க வைக்காதே. நாலு பக்கத்தில் நான் கேட்டதற்கு ஒரு வரிப் பதில் இல்லை.

உன் பயம் எனக்குத் தெரியும். உன்னை அங்கே உட்கார வைத்தவர்கள் எங்களை இங்கே ஆட்டுகிறவர்கள்தான். நீ நிலையாக இருக்க நாங்கள் ஆட வேண்டும் என்பதுதான் அவர்கள் ஏற்பாடு. நீ கெட்டவள் என்று நான் நினைக்கவில்லை. பயந்தவள் என்று நினைக்கிறேன். அது எனக்கு உதவாது.

நாளை மறுநாள் காப்பகம் விடுமுறை, பாப்பாவை வேலைக்கு அழைத்துப் போகவும் வழியில்லை, கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, உங்கள் ஊருக்குத் துணி ஏற்றிப் போகும் லாரி டிரைவரிடம் கொடுக்கிறேன். நாளைக் காலை உன் கையில் இருக்கும். ராத்திரி பஸ் இருக்கிறது.

எட்டு என்று நீ எழுதினாய், ஊரே கேட்டது. மூன்றே முக்கால் என்று அதே வாயால் சொல். பதினாலாம் தேதி, பத்து மணி. வருகிறேன் என்று ஒரு சொல் எழுதி அந்த டிரைவரிடமே கொடுத்து அனுப்பு. அவர் மாலையில் திரும்புவார். நான் கேட்டில் நிற்பேன்.

தங்கை